தங்கச்சி, பாப்பாவின் தட்டைக் குறைக்காதே

முதல் வேலையாக அந்தப் பத்தியத்தை நிறுத்து தங்கச்சி. கத்தரிக்காய் கரப்பான், தக்காளி ஆகாது, பருப்பு வாயு, கிழங்கு வாயு, மோர் குளிர்ச்சி, முட்டை சூடு, பலாப்பழம் வாதம் என்று ஆளுக்கொன்று சொல்லிச் சொல்லி, பாப்பாவின் தட்டில் இப்போது ரசம் சோறும் அப்பளமும்தான் மிச்சம் என்கிறாய். ஏழு வயதுப் பிள்ளை அதைத் தின்று எப்படி வளரும்? முழங்கால் வீங்கியிருக்கிறது என்பதற்காக வயிற்றைக் காயப்போடலாமா? மூட்டு வீக்கம் உள்ள பிள்ளைக்கு மற்ற பிள்ளைகளைவிட ஒரு கரண்டி கூடத்தான் வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். டாக்டர் சீட்டில் ஜே.ஐ.ஏ. என்று எழுதியிருக்கிறாரே, அது ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ். 16 வயது ஆவதற்குள் தொடங்கி, ஒரு மூட்டாவது 6 வாரத்துக்குக் குறையாமல் வீங்கியே இருந்து, வேறு காரணம் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்ட பிறகு வைக்கிற பெயர். நோயோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, தன் உடம்பின் மூட்டுச் சவ்வோடு சண்டை போடுகிறது. அதனால் நீர் கோக்கிறது, சூடேறுகிறது, விடிகாலையில் கால் விறைத்துக்கொள்கிறது. இந்த அழற்சி மூட்டோடு நிற்பதில்லை. பசியைக் கெடுக்கும், இரத்தத்தைக் குறைக்கும், முழங்காலைச் சுற்றியுள்ள சதையை இளைக்க வைக்கும், உயரம் கூடுவதைத் தாமதப்படுத்தும். இத்தனையும் நடக்கிற உடம்பிலிருந்து பருப்பையும் முட்டையையும் நாமே பிடுங்கினால் பிள்ளை எதைக்கொண்டு தாங்கும்?

கிழவிகளுக்கு வருகிற வாதம் பிள்ளைக்கு எப்படி வரும் என்று யாராவது உன்னிடம் கேட்டால் குன்றிப்போகாதே. 1897ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஃப்ரெடெரிக் ஸ்டில் என்ற டாக்டர் இப்படிப்பட்ட 22 பிள்ளைகளைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வருகிறது. நீ மாசமாக இருந்தபோது தின்ற எதனாலும் வரவில்லை, பாப்பா பனியில் நடந்ததாலும் வரவில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்தச் சாப்பாடும் இந்த நோயைக் குணப்படுத்தாது. வீக்கத்தை அடக்குவது மருந்துதான். வலி, வீக்கத்துக்கான மாத்திரை, தேவைப்பட்டால் மூட்டுக்குள் போடும் ஊசி, வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், அதற்கும் அடங்காவிட்டால் இப்போது வந்திருக்கிற உயிரியல் மருந்து ஊசிகள் என்று டாக்டர்கள் படிப்படியாகப் போவார்கள். சரியான நேரத்தில் மருந்து கொடுத்த பிள்ளைகள் ஓடி விளையாடிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். சாப்பாட்டின் வேலை எலும்பையும் சதையையும் இரத்தத்தையும் காப்பது, மருந்தின் தொல்லையைத் தாங்க வைப்பது, அழற்சியை மேலும் தூண்டாமல் இருப்பது. அதுவே பெரிய வேலை. அதற்கு வேண்டியதில் முக்கால்வாசி உன் வீட்டைச் சுற்றியே விளைகிறது.

சாமையைத் திரும்ப அடுப்பில் ஏற்று

கொல்லிமலையின் குண்டனி நாட்டில் உன் மாமியார் காலத்தில் வீட்டுக்கு வீடு சாமைச் சோறு. பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என்று விதை விதையாக வைத்திருந்தார்கள். மரவள்ளி வந்து, அது ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போய்க் காசாக ஆரம்பித்ததும் மலையில் சாமைக்காடு சுருங்கிவிட்டது. உரலில் குத்தி உமி நீக்குகிற பாடும் ஒரு காரணம். அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில்தானே விழுந்தது! 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சாமை, தினை விதைகளைக் காப்பாற்றவும், குத்துகிற பாட்டைக் குறைக்க அரவை இயந்திரம் வைக்கவும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து வேலை செய்தது. அதனால் இன்றைக்கும் மலையிலேயே சாமையரிசி கிடைக்கிறது. நீ வாங்கும்போது பளபளவென்று தீட்டியதை எடுக்காதே. கொஞ்சம் தவிட்டு நிறம் தெரிகிறதை எடு.

தவிட்டோடு உள்ள தானியம் எதற்கு என்றால், அதிலுள்ள நார் குடலில் வாழும் நல்ல கிருமிகளுக்கு உணவு. மூட்டு அழற்சி உள்ள பிள்ளைகளின் குடல் கிருமிகள் மற்ற பிள்ளைகளுடையதைவிட வேறுபட்டிருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அதை மாற்றினால் வீக்கம் எவ்வளவு குறையும் என்று யாரும் அடித்துச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. ஆனால் நாரும் பருப்பும் காயும் பழமும் பல வகையாகத் தின்கிற பிள்ளையின் குடல் நன்றாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஒரே நாளில் அரிசியை நிறுத்திச் சாமைக்கு மாறாதே, வயிறு உப்பும். முதலில் பாதி அரிசி பாதி சாமை. கூடவே மொச்சையோ அவரையோ போட்ட குழம்பு.

மரவள்ளியையும் விலக்க வேண்டாம். திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. ஆனால் அதில் புரதம் ஏறக்குறைய இல்லை. வயிறு நிறையும், சதை வைக்காது. அதனால் மரவள்ளி அவித்த நாளில் பக்கத்தில் வேர்க்கடலைச் சட்டினியோ மீன் குழம்போ கட்டாயம் இருக்கட்டும்.

எலும்புக்கு

பாப்பாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொஞ்ச நாள் ஓடுகிறது என்றாயே, அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன். ஸ்டீராய்டு எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை இழுக்கும், அழற்சியும் இழுக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 650 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். மலைத்துவிடாதே. 50 கிராம் கேழ்வரகு மாவில் 180 மில்லிகிராம் வரும். 200 மில்லி பாலில் 240. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை 50 கிராம் இருந்தால் 150 பக்கம். ஒரு தேக்கரண்டி எள்ளுப்பொடியில் 60. கூட்டிப் பார், கிட்டத்தட்ட வந்துவிட்டது. கடையில் விற்கிற டப்பா மாவு ஒன்றும் வேண்டியதில்லை.

கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட வைத்து, காயவைத்து, லேசாக வறுத்து அரைத்துக்கொள். முளை கட்டினால் சத்தைப் பிடித்து வைக்கிற ஃபைட்டிக் அமிலம் குறையும், உடம்பு சுண்ணாம்பையும் இரும்பையும் எளிதாக எடுத்துக்கொள்ளும். காலையில் கூழாகவோ மத்தியானம் களியாகவோ கொடு. பாப்பாவுக்குத் தாடையிலும் வலி இருக்கிறது என்றால் களி ரொம்ப நல்லது, மெல்ல வேண்டியதில்லை.

சுண்ணாம்பு எலும்பில் போய்ச் சேர வைட்டமின் டி வேண்டும். அது எந்தத் தானியத்திலும் இல்லை, வெயில் பட்டால் தோலில்தான் உண்டாகிறது. மார்கழி மூட்டத்தில் பிள்ளையை நாளெல்லாம் போர்த்தி உள்ளேயே வைத்திருக்காதே. பனி விலகியதும், பத்து மணிக்கு மேல் முகமும் கையும் காலும் படும்படி வாசலில் விளையாடவிடு. இரத்தத்தில் குறைவாக இருந்தால் டாக்டர் மருந்து எழுதுவார். நீயாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதே, அது கூடினாலும் கெடுதல்.

முட்டையைப் பற்றி வீட்டில் பாப்பாவின் ஆயா என்ன சொன்னாலும் சரி, பள்ளிக்கூடத்துச் சத்துணவு முட்டையை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதே. முட்டைக்கே பெயர்போன நாமக்கல் மாவட்டம்தான் நம்முடையது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. இந்த வயதில் ஒரு நாள் முழுவதற்கும் வேண்டியது ஏறத்தாழ 23 கிராம். பால் ஒரு டம்ளர், ஒரு கை பருப்பு, ஒரு முட்டை என்றால் பெரும்பகுதி முடிந்துவிடும். மிச்சம் சோற்றிலும் களியிலும் வந்துவிடும். முட்டையை நன்றாக வேகவைத்துக் கொடு. அரைவேக்காடு, பச்சை முட்டை கூடாது, காரணம் பின்னால் சொல்கிறேன்.

இரத்தச்சோகைக்குக் கீரை என்று எல்லாரும் சொல்வார்கள். கீரையிலுள்ள இரும்பு உடம்பில் ஏற வேண்டுமானால் கூடவே வைட்டமின் சி இருக்க வேண்டும். உன் கொல்லையில் இருக்கிற கொய்யாவே போதும். ஆரஞ்சைவிடக் கொய்யாவில் பல மடங்கு கூடுதல். சாப்பிட்டு முடித்ததும் பாதிக் கொய்யா, அல்லது கீரையை இறக்கும்போது எலுமிச்சை பிழிந்துவிடு. காலையில் எழுந்ததும் வரக்காப்பி கொடுக்கிற பழக்கம் மட்டும் நிற்கட்டும். காப்பித்தூள் நம் மலையிலேயே விளைந்ததாக இருந்தாலும், சாப்பாட்டோடு குடித்தால் இரும்பு ஏறாமல் தடுத்துவிடும்.

மீனும் விதையும்

அழற்சியைக் குறைக்கும் உணவு என்று உலகத்தில் ஓரளவு ஆதாரத்தோடு சொல்லப்படுவது மீன் கொழுப்பிலுள்ள ஒமேகா 3. பெரியவர்களின் முடக்குவாதத்தில் மீன் எண்ணெய் வலியையும் காலை விறைப்பையும் கொஞ்சம் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. பிள்ளைகளிடம் நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள்தாம். அதனால் காசைக் கொட்டி மாத்திரை வாங்காதே, மீனாகவே கொடு. விலை குறைந்த மத்தியிலும் அயிலையிலும்தான் இது நிறைய இருக்கிறது, வஞ்சிரம் வேண்டியதில்லை. மலைக்கு மீன் தினமும் வராது என்று தெரியும். சேந்தமங்கலத்துக்கோ நாமக்கல்லுக்கோ போகிறவர்களிடம் சொல்லி வாரம் ஒரு முறை, முடிந்தால் இரு முறை ஐஸ் போட்டு வாங்கி வா. குழம்பாக வை, எண்ணெயில் முறுகப் பொரித்தால் நல்ல கொழுப்பு கெட்டுப்போகும். கருவாடு வேண்டாம், ஸ்டீராய்டு எடுக்கிற பிள்ளைக்கு அவ்வளவு உப்பு ஆகாது.

மீன் கிடைக்காத வாரத்தில் ஆளி விதையை வறுத்துப் பொடித்து ஒரு தேக்கரண்டி கூழில் கலந்து கொடு. பருப்புக்கீரையிலும் அந்த வகைக் கொழுப்பு இருக்கிறது. செடியில் இருப்பதை உடம்பு மீன் கொழுப்பாக மாற்றுவது கொஞ்சமே என்றாலும் கொடுக்கலாம், நல்ல சாப்பாடுதானே.

மஞ்சளைப் பற்றிக் கேட்டாய். குழம்பில் போடுகிற மஞ்சள் தாராளமாகப் போடு, கூடவே மிளகும் போடு. 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஓர் ஆய்வில், மஞ்சளின் குர்குமினோடு மிளகின் பைபெரினையும் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் சேரும் குர்குமின் 20 மடங்கு கூடியது. நம் மலை மிளகுக்கு அந்தப் பெருமை தகும். ஆனால் அதே காரணத்துக்காக, மஞ்சள் மாத்திரை, மஞ்சள் சாறு என்று அடர்த்தியாக விற்பதைப் பிள்ளைக்குக் கொடுக்காதே. மிளகுச் சத்து மற்ற மருந்துகளையும் கூடுதலாக இரத்தத்தில் சேர்க்கக்கூடியது. அடர்த்தியான மஞ்சள் மாத்திரை தின்று ஈரல் கெட்டவர்களும் உண்டு. பாப்பா எடுக்கிற மெத்தோட்ரெக்சேட்டும் ஈரலைத் தொடுகிற மருந்து. ஒரே ஈரலுக்கு இரண்டு சுமை எதற்கு? அரை டம்ளர் பாலில் ஒரு சிட்டிகை மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்டுக் கொடுப்பதோடு நிறுத்து.

முடவாட்டுக்கால்

இதுதான் உன் வீட்டில் பெரிய சண்டை என்று தெரியும். ஆயா தினமும் காலையில் முடவாட்டுக்கால் சூப் வைக்கிறார், பாப்பா அதைக் குடித்துவிட்டு மாத்திரையைத் தள்ளிவைக்கிறது.

ஆயாவைக் கோபித்துக்கொள்ளாதே. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமும் ஆகாய கங்கைக்குப் போகிற வழியிலும் செம்மேட்டிலும் அந்தக் கிழங்கை விற்காத இடம் இல்லை. மூட்டு வலிக்கென்றே வெளியூர்க்காரர்கள் மலையேறி வந்து வாங்கிப் போகிறார்கள். நம் மலைப் பெண்கள் பலருக்கு அதுதான் கைச்செலவுக் காசு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு அது, மேலே ஆட்டுக்கால்போல் பழுப்பு ரோமம் இருக்கும். ரோமத்தைச் சுரண்டித் தோல் நீக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் போட்டுக் கொதிக்கவைத்தால் மணமான சூப்புதான். அதன் சாற்றுக்கு வீக்கத்தைக் குறைக்கும் தன்மை இருப்பதாக ஆய்வுக்கூடத்தில் எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். எலியின் காலில் குறைந்தது, ஜே.ஐ.ஏ. உள்ள பிள்ளையின் முழங்காலில் குறையும் என்றோ, மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் ஒன்றும் செய்யாது என்றோ சொல்ல அது போதாது.

அதனால் இப்படிச் செய். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கிழங்கையே கையில் எடுத்துப் போய்க் காட்டு. மறைக்காதே. அவர் சரி என்றால் வாரத்தில் ஒரு நாள் அரை டம்ளர், சாப்பாட்டோடு, எல்லாரும் குடிக்கும்போது பாப்பாவும் குடிக்கட்டும். வேண்டாம் என்றால் ஆயாவிடம் வேறொரு வேலையைக் கொடு. அந்தக் கையால் கேழ்வரகு முளைகட்டித் தரச் சொல், முருங்கைக்கீரை உருவித் தரச் சொல், காலையில் பாப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர்த் துணி ஒத்தடம் போடச் சொல். பேத்திக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்கிற அவருடைய தவிப்புக்கு ஒரு வழி வேண்டும், அதை அடைத்துவிடக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. சூப்புக்காக, கசாயத்துக்காக, யாரோ பொட்டலத்தில் தந்த சூரணத்துக்காக மருந்து ஒரு வேளை கூட நிற்கக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. பெயர் ஒட்டாத பொடி, ஒரே நாளில் வலி பறந்துவிடும் என்கிற ஊசி, இரண்டும் வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்து விற்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. சித்த மருத்துவம் பார்க்க ஆசை என்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குப் போ, மருந்தின் பெயரை எழுதி வாங்கு, இரண்டு டாக்டருக்கும் இரண்டு சீட்டையும் காட்டு.

குறைக்க வேண்டியது

தட்டைக் குறைக்காதே என்று சொன்னவள் இங்கே குறைக்கச் சொல்கிறேன். கடையில் தொங்குகிற பொட்டலங்களையும் பாட்டில் பானங்களையும்தான். 200 மில்லி குளிர்பானத்தில் 20 கிராம் பக்கம் சர்க்கரை, அதாவது நாலைந்து தேக்கரண்டி. ஸ்டீராய்டு ஏற்கெனவே பசியைக் கிளப்பி, முகத்தை ஊதவைத்து, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிற மருந்து. கூடுகிற ஒவ்வொரு கிலோவும் அந்தச் சின்ன முழங்காலின் மேல்தான் உட்காரும். பசி என்று கேட்டால் வாழைப்பழம், கொய்யா, அவித்த வேர்க்கடலை, பலாக்கொட்டை, மோர். பலாச்சுளையும் நாலைந்து கொடுக்கலாம், வாதம் பிடிக்காது. தேன் மலைத்தேனாக இருந்தாலும் சர்க்கரைதான், ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அப்பளம், ஊறுகாய், நூடுல்ஸ் மசாலாப் பொட்டலம், இவற்றின் உப்பு தண்ணீரைத் தேக்கி முகத்தை இன்னும் உப்பவைக்கும்.

எண்ணெய் எது என்பதைவிட எத்தனை முறை காய்ந்தது என்று பார். பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதே. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் நல்லவை, அளவோடு ஊற்று.

கத்தரி, தக்காளி, உருளை தின்றால் மூட்டு வீங்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டுமல்ல, வெளிநாட்டிலும் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பாப்பாவுக்கு ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று உனக்கே மீண்டும் மீண்டும் தோன்றினால், அந்த ஒன்றை மட்டும் இரண்டு மூன்று வாரம் நிறுத்திப் பார், நோட்டில் எழுது, பிறகு திரும்பக் கொடுத்துப் பார். ஒரே நேரத்தில் ஐந்தை நிறுத்தினால் எது காரணம் என்று எப்படித் தெரியும்?

மாத்திரை நாளும் மற்ற நாளும்

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். இதைச் சுவரில் எழுதி ஒட்டு. தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கு ஆபத்து. அப்படிப்பட்ட தவறுகள் படித்தவர்கள் வீட்டிலும் நடக்கின்றன. மாத்திரை டப்பா உன் கையில் மட்டும் இருக்கட்டும். ஃபோலிக் அமிலம் எழுதியிருந்தால் டாக்டர் சொன்ன நாளில் தவறாமல் கொடு, வாய்ப்புண்ணும் குமட்டலும் குறையும்.

அந்த நாளில் பிள்ளைக்குக் குமட்டும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் படுக்க வைத்தால் தூக்கத்திலேயே கொஞ்சம் கடந்துவிடும். மறுநாள் காலையில் கட்டாயப்படுத்தாதே. சுக்கு தட்டிப் போட்ட வெந்நீர், இளஞ்சூட்டில் சாமைக் கஞ்சி, மோர்ச்சோறு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. பாப்பாவுக்கு ரொம்பப் பிடித்த பலகாரத்தை அந்த நாளில் செய்யாதே; குமட்டலோடு சேர்ந்து அந்தப் பலகாரமே பிறகு பிடிக்காமல் போய்விடும். வாந்தி தொடர்ந்தால் டாக்டரிடம் சொல், அதற்கு மருந்து உண்டு, ஊசியாகவும் மாற்றுவார்கள்.

வலி மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதே. காலையில் விறைப்போடு எழுகிற பிள்ளைக்கு முதலில் ஒரு டம்ளர் கூழ், பிறகு மாத்திரை, பிறகு வெந்நீர்க் குளியல். அரை மணி நேரம் முன்னால் எழுப்பினால் பள்ளிக்கூடத்துக்கு அழாமல் போகும்.

எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து எடுப்பதால் கிருமி எளிதாகத் தொற்றும். அதனால்தான் முட்டையை வேகவைக்கச் சொன்னேன். ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடு. கறந்த பாலை அப்படியே கொடுக்காதே, பொங்கக் காய்ச்சு. பழைய சோறு கொடுக்கலாம், நீராகாரம் நல்லதுதான், ஆனால் ஊற்றுகிற தண்ணீர் காய்ச்சியதாக இருக்கட்டும், மறுநாள் காலையிலேயே முடித்துவிடு. சளி, காய்ச்சல் என்று வேறு எந்த டாக்டரிடம் போனாலும் மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல். சல்ஃபா வகை ஆன்டிபயாடிக்கான கோ-டிரைமாக்சசோல் இதோடு சேரவே கூடாது.

உட்கார்ந்து சாப்பிடும் விதத்தையும் பார். சம்மணமிட்டால் முழங்கால் வலிக்கும் என்றுதான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறதோ என்னவோ. திண்ணையில் கால் தொங்கவிட்டு உட்காரட்டும், தட்டை ஒரு முக்காலியில் வை. விரல் மூட்டு வீங்கினால் சோறு பிசைவதே வேதனை. கரண்டியின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடு, பிடி வைத்த லேசான டம்ளர் வாங்கு. வாய் முழுக்கத் திறக்கவில்லை, ஒரு பக்கமாகவே மெல்லுகிறது என்றால் அது அடமில்லை, தாடை மூட்டிலும் அழற்சி இருக்கலாம், டாக்டரிடம் சொல்.

கண்ணும் காய்ச்சலும்

இது சாப்பாட்டு விஷயம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. இந்த நோயில் கண்ணுக்குள்ளும் அழற்சி வரும், வலியில்லாமல், சிவக்காமல் வரும். டாக்டர் சொன்ன இடைவெளியில், பல பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கண் டாக்டரிடம் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தே ஆக வேண்டும். பாப்பாவுக்கு நன்றாகத் தெரிகிறது என்று தள்ளிப்போடாதே. காய்ச்சல் வந்தால், சின்னச் சொறி படர்ந்தால், முகம் வெளுத்தால், பல் ஈறில் இரத்தம் கசிந்தால், மூச்சு வாங்கினால், அன்றைக்கே மருத்துவமனை. சின்னம்மை, தட்டம்மை உள்ள பிள்ளையோடு இருந்துவிட்டது என்றாலும் உடனே சொல்.

கீழே இறங்கும் நாள்

நாமக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகள் மூட்டு நோய்க்கென்றே பார்க்கிற டாக்டர் வேண்டுமானால் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ அனுப்புவார்கள். காப்பீட்டு அட்டையை எடுத்துப் போ, எதெல்லாம் அதில் வரும் என்று அங்கேயே உள்ள காப்பீட்டுப் பிரிவில் கேள்.

மெத்தோட்ரெக்சேட் கொடுத்த மறுநாள் காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவு இறக்காதே, குமட்டுகிற பிள்ளைக்கு அது பெரும் கொடுமை. நாலைந்து நாள் தள்ளி நாள் கேட்டு வாங்கு. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ கொஞ்சம் கஞ்சியோ போதும், வெறும் வயிற்றோடு ஏற்றாதே. இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டுமா என்று முந்தின முறையே கேட்டு வைத்துக்கொள். முன் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார வை. பையில் காய்ச்சிய தண்ணீர், ஒரு வாழைப்பழம், வறுத்த கடலை. அரை மணிக்கு ஒருமுறை காலை நீட்டி மடக்கச் சொல், இல்லாவிட்டால் இறங்கும்போது முழங்கால் விறைத்திருக்கும்.

டாக்டரிடம் காட்ட ஒரு நோட்டு வைத்துக்கொள். மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை பார்த்து எழுது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் எழுது. காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருந்தது, என்ன சாப்பிட்டது, எந்த நாளில் குமட்டியது, வீட்டில் வேறு என்ன கசாயம் கொடுத்தீர்கள் என்று இரண்டு வரி போதும். பாப்பாவுக்குத்தான் எழுதத் தெரியுமே, பாப்பாவையே எழுதச் சொல். தடுப்பூசி அட்டையையும் நோட்டுக்குள் வை. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி எதையும் இந்த டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வருகிற நர்சம்மாவிடமும் சொல்லி வை.